மோட்டார் ஓடுது, தண்ணி வரலை: பம்புக்குள் காற்று எப்படி நுழைகிறது?

"மோட்டார் நல்லாத்தான் ஓடுது, தண்ணிதான் வரலை." பம்ப் மெக்கானிக்குகள் கோடை முழுக்கக் கேட்கிற புகார் இது. கூடவே "ஏர் எடுக்குது போல" என்று சொந்தக்காரரே நோயையும் சொல்லிவிடுவார். அதுவரைக்கும் சரி. எந்த இடத்தில் எடுக்கிறது என்று தேடுவதில்தான் எல்லோருக்கும் சோம்பல். பம்பைக் கழற்றி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோவார்கள், உள்ளே சுற்றும் சக்கரமான இம்பெல்லரை மாற்றுவார்கள், அதுவும் சரிப்படாவிட்டால் 5 எச்.பி.யைத் தூக்கிப் போட்டுவிட்டு 7.5 எச்.பி. வாங்குவார்கள். பெரும்பாலான இடங்களில் பம்பில் ஒரு கோளாறும் இருக்காது. கோளாறு குழாயில் இருக்கும், அதுவும் பத்துக்கு எட்டு முறை கிணற்றிலிருந்து பம்புக்குத் தண்ணீர் வரும் சக்‌ஷன் பக்கத்துக் குழாயில்.

ஏன் இந்த வகைப் பம்புக்குக் காற்று இவ்வளவு ஆகாது? மையவிலக்குப் பம்ப் எதையும் பிடித்து இழுப்பதில்லை. இம்பெல்லர் சுற்றும்போது உள்ளே இருப்பதை வெளிப்பக்கம் வீசி எறிகிறது, அவ்வளவுதான். வீசி எறிந்ததால் நடுவில் அழுத்தம் குறைகிறது, வெளியில் கிணற்றுத் தண்ணீரின் மேல் உட்கார்ந்திருக்கும் வளிமண்டலம் அந்தக் குறைவை நிரப்பத் தண்ணீரை மேலே தள்ளிவிடுகிறது. உள்ளே தண்ணீர் இருந்தால் 30 மீட்டர் உயரத்துக்கு ஏற்றக்கூடிய பம்பாக இருக்கட்டும். அதே பம்புக்குள் காற்று மட்டும் இருந்தால் அது 30 மீட்டர் காற்றைத்தான் ஏற்றும். காற்றின் எடை தண்ணீரில் சுமார் 800ல் ஒரு பங்கு. ஆக அந்த 30 மீட்டர் காற்று, தண்ணீர்க் கணக்கில் நாலு சென்டிமீட்டர்கூட வராது. கிணற்றில் 5 மீட்டர் கீழே கிடக்கிற தண்ணீரை நாலு சென்டிமீட்டர் உறிஞ்சலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ராத்திரி முழுக்க ஓடினாலும் சூடுதான் ஏறும்.

முழுக்கக் காற்றாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. தண்ணீரோடு கொள்ளளவில் 2, 3 சதவீதம் காற்று கலந்து வந்தாலே ஏற்றும் அளவு குறையத் தொடங்கும், 6, 7 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரணப் பம்புகளில் பல தண்ணீரையே விட்டுவிடும். மோர் கடையும்போது வெண்ணெய் மத்தைச் சுற்றித் திரள்கிற மாதிரி, கனமான தண்ணீர் வெளியே ஓட, லேசான காற்று இம்பெல்லரின் நடுவாயில் திரண்டு நின்றுகொள்கிறது. கீழிருந்து தண்ணீர் உள்ளே வர வேண்டிய வாசலும் அதுதான். தானாக அது அங்கிருந்து நகராது.

வளிமண்டலம்தான் தள்ளுகிறது என்பதால் அதற்கும் ஒரு எல்லை உண்டு. கடல் மட்டத்தில் கணக்குப்படி 10.3 மீட்டர். குழாய் உராய்வு, தண்ணீரின் ஆவி அழுத்தம், பம்பு வாயில் மிச்சம் இருக்க வேண்டிய அழுத்தம் எல்லாம் போனால் கையில் நிற்பது 6, நல்ல பம்பாக இருந்தால் 7 மீட்டர். ஊட்டி உயரத்துக்குப் போனால் அந்தப் 10.3 என்பதே 8 மீட்டருக்குக் கீழே இறங்கிவிடும், அங்கே 4 மீட்டர் ஆழத்துக்கு மேல் யோசிக்காமல் இருப்பது நல்லது.

கொங்கு நாட்டுக் கிணறுகளில் மோட்டாரை மேலே வைக்காமல் கிணற்றுக்குள்ளேயே பாறையைச் செதுக்கித் திட்டுக் கட்டி இறக்கி வைத்ததற்குக் காரணம் இதுதான். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து, கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் பம்பு செய்யத் தொடங்கி, கவலை ஏற்றம் போய் மோட்டார் வந்தபோது கிணற்றுத் தண்ணீர் அந்தத் திட்டுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. தண்ணீர் இறங்க இறங்கத் திட்டும் இறங்கியது. ஐப்பசி மழையில் கிணறு நிறைந்து மோட்டார் மூழ்கிப்போன கதை இல்லாத வீடே அந்தப் பக்கம் இருக்காது. அதற்குப் பயந்து மோட்டாரை ஒரு ஆள் உயரம் மேலேயே விட்டுவைப்பார்கள், அந்த ஒரு ஆள் உயரம்தான் சித்திரையில் ஏர் பிரச்சினையாக வந்து நிற்கும்.

சரி, காற்று நுழையும் வழிகளைக் கீழிருந்தே பார்த்துக்கொண்டு வரலாம்.

முதலில், குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட் வால்வு. மோட்டார் நின்றதும் குழாயில் இருக்கும் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிப் போகாமல் பிடித்துவைக்கிற வேலை அதற்கு. வாஷர் தேய்ந்தாலோ, ஒரு சின்னச் சுள்ளியோ கல்லோ இடையில் மாட்டினாலோ சொட்டுச் சொட்டாக இறங்கி, சில மணி நேரத்தில் குழாய் காலி. ஆள் கூட இருந்து ஓட்டிய காலத்தில் இது பெரிய விஷயமாக இல்லை, தண்ணீர் ஊற்றிவிட்டு ஓட்டுவார்கள். இப்போது மும்முனை மின்சாரம் வருகிற நேரத்துக்கு ஓட வேண்டும் என்று ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டாகிவிட்டது. மின்சாரம் நடுராத்திரி வருகிறது, குழாய் எப்போதோ காலி, பம்பு காற்றைச் சுற்றிக்கொண்டே விடியும்வரை ஓடுகிறது. விவசாயத்துக்கு 1990 முதல் மின்சாரம் இலவசம் என்பதால் பில்லில் எதுவும் தெரியப்போவதில்லை. ஷாஃப்ட் (சுழலும் தண்டு) பம்பைவிட்டு வெளியே வரும் இடத்தை அடைக்கும் கிளாண்ட் கருகி, உள்ளே மிச்சமிருந்த தண்ணீர் கொதித்து, சில சமயம் இம்பெல்லர் இறுகிப்போய்க் காலையில்தான் தெரியும்.

ஃபுட் வால்வு கசிந்தால் சாணியைக் கரைத்து ஊற்றுவது பழைய கைவைத்தியம். வேலை செய்யும், பொய் இல்லை. நார் போய் இடுக்கில் அடைத்துக்கொள்ளும். ஆனால் அதே நார்தான் பிறகு வால்வை முழுசாகத் திறக்கவிடாமலும் தடுக்கும். அன்றைக்குப் பாசனம் முடிய வேண்டும் என்றால் ஊற்றலாம், அதையே வருஷக்கணக்காக நம்பிக்கொண்டு இருக்க முடியாது. வால்வுதானா என்று சோதிப்பது ரொம்பச் சுலபம். பம்பின் மேல் புனல் வழியாகத் தண்ணீரை விளிம்புவரை நிரப்பிவிட்டுக் கால் மணி நேரம் பாருங்கள். மட்டம் இறங்கினால் கீழே கசிவு. இறங்காமல் அப்படியே நின்று, ஓடும்போது மட்டும் தண்ணீரை விடுகிறது என்றால் காற்று வேறு வழியாக வருகிறது, கிணற்றில் இறங்கி வால்வைக் கழற்றுகிற வேலை மிச்சம்.

தண்ணீர் ஊற்றுவதிலும் அவசரம் கூடாது. 4 அங்குலக் குழாய் மீட்டருக்கு ஏறக்குறைய 8 லிட்டர் பிடிக்கும், 6 மீட்டர் இறங்கியிருந்தால் பம்பையும் சேர்த்து 50 லிட்டருக்கு மேல் வேண்டும். ஒரு குடம் ஊற்றி மேலே ததும்பிவிட்டது என்றால் அது நிறையவில்லை, காற்று மறித்துக்கொண்டு நிற்கிறது. பம்பின் தலையில் இருக்கும் ஏர் காக்கைத் திறந்து வைத்து, மெதுவாக ஊற்றி, ஷாஃப்டைக் கையால் நாலு சுற்றுச் சுற்றி, குமிழி வருவது நின்ற பிறகு மூடுங்கள். தண்ணீர் வெளியேறும் பக்கத்தில் இருக்கும் டெலிவரி வால்வைப் பெரும்பாலும் மூடி வைத்து ஸ்டார்ட் செய்து, அழுத்தம் ஏறியதும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும்.

அடுத்தது ஜாயிண்டுகள். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். டெலிவரி பக்கம் ஓட்டை இருந்தால் தண்ணீர் பீய்ச்சும், கண்ணுக்குத் தெரியும். சக்‌ஷன் பக்கம் ஓடும்போது குழாய்க்குள் அழுத்தம் வெளியைவிடக் குறைவு, அதனால் ஒரு சொட்டு வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். ஜாயிண்ட் வெளியில் காய்ந்து சுத்தமாக இருக்கும், "சக்‌ஷன்ல லீக்கே இல்லை" என்று சத்தியம் செய்வார்கள். நிறுத்திவிட்டு மேலே தண்ணீர் நிரப்பி வைத்தால் அதே ஜாயிண்ட் லேசாக வியர்க்கும். நிற்கும்போது வியர்க்கிற இடம்தான் ஓடும்போது காற்றை உறிஞ்சுகிற இடம்.

இன்னொரு வழி ஊதுபத்தி. காற்றில்லாத நேரமாகப் பார்த்து, பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது பற்றவைத்த ஊதுபத்தியை, குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கும் ஃபிளாஞ்சைச் சுற்றி ஒரு விரல் தூரத்தில் மெதுவாகக் கொண்டுபோங்கள். நேராக மேலே போய்க்கொண்டிருந்த புகை ஒரு இடத்தில் வளைந்து போல்ட்டுக்கும் பேக்கிங்குக்கும் நடுவில் நூல் மாதிரி உள்ளே நுழையும். ரப்பர் ஷீட் ஒரு ஓரத்தில் மடங்கியிருக்கும், அல்லது நாலு போல்ட்டில் மூன்றுதான் இருக்கும். திரெட் ஜாயிண்டில் சணலும் பெயிண்டும் காய்ந்து உதிர்ந்திருக்கும். ஆயில் இன்ஜினுக்கு ஹோஸ் மாட்டுகிறவர்கள் கிளிப்பின் மேல் நம்பிக்கை வைக்கக் கூடாது, வெயிலில் கிடந்து வெடித்த ஹோஸில் எவ்வளவு இறுக்கினாலும் காற்றுப் போகும்.

கிளாண்டும் அப்படித்தான். கயிறு சுற்றிய கிளாண்டில் விநாடிக்கு ஒரு சொட்டு மாதிரி விழ வேண்டும். ஒழுகுகிறதே என்று முழுக்க இறுக்கினால் கயிறு கருகி ஷாஃப்டைத் தின்னும், பிறகு அந்தப் பள்ளம் வழியாகவே காற்று போகும். சந்தேகமாக இருந்தால் ஓடும்போது கிளாண்டின் மேல் கொஞ்சம் தண்ணீரை விட்டுப் பாருங்கள், டெலிவரியில் தண்ணீர் சட்டென்று கூடினால் கள்ளன் அங்கேதான் இருக்கிறான். பெரிய பம்புகளில் இம்பெல்லரைச் சுற்றியிருக்கும் கூடான வால்யூட்டிலிருந்து ஒரு சின்னச் செம்புக்குழாய் கிளாண்டுக்கு வருவதைப் பார்த்திருப்பீர்கள். அழுத்தத் தண்ணீரைக் கொடுத்துக் காற்றை நுழையவிடாமல் தடுப்பதற்காக வைத்தது அது. தண்ணீர் வீணாகிறது என்று அதை நசுக்கி அடைத்து வைத்திருப்பதையும் பார்க்கலாம்.

இப்போது ஒரு ஓட்டையும் இல்லாத குழாயிலும் காற்று சேர்கிற கதை. தண்ணீரிலேயே காற்று கரைந்திருக்கிறது. நம்மூர் வெப்பத்தில் லிட்டருக்கு சுமார் 15 மில்லி. அழுத்தம் குறைந்தால் அதில் ஒரு பங்கு குமிழியாகப் பிரியும். விநாடிக்கு 10 லிட்டர் எடுக்கும் பம்பில் லிட்டருக்கு 1 மில்லி பிரிந்தால்கூட மணிக்கு 36 லிட்டர் காற்று. குழாய் பம்பை நோக்கிச் சீராக மேலேறிக்கொண்டே இருந்தால் இந்தக் குமிழிகள் ஓடும் தண்ணீரோடு போய்விடும், பம்பு சமாளித்துக்கொள்ளும். நடுவில் ஒரு மேடு இருந்தால் அங்கே போய்த் தங்கும். சேர்ந்து சேர்ந்து பெரிய பை மாதிரி ஆனதும் ஒன்று தண்ணீர்ப் பாதையைச் சுருக்கும், இல்லை ஒரே மூச்சில் பம்புக்குள் போய் அதை நிறுத்தும். "ஒரு மணி நேரம் நல்லா வருது, அப்புறம் நின்னுடுது" என்கிற வகைப் புகாருக்குப் பின்னால் பல சமயம் இந்த மேடுதான் இருக்கும்.

அதனால் சக்‌ஷன் குழாய் படுக்கையாகப் போகிற இடத்தில் பம்பை நோக்கி மீட்டருக்கு 1 சென்டிமீட்டராவது ஏற வேண்டும். தடையைத் தாண்ட வேண்டும் என்று எல்போ போட்டு ஏற்றி இறக்கக் கூடாது, அதன் அடியில் தோண்டிக் கொண்டுபோங்கள். குழாய் பம்பு வாயைவிட ஒரு சைஸ் பெரிதாக இருப்பது நல்லது, ஆனால் பெரிய குழாயைச் சின்ன வாயில் சேர்க்கும் ரெடியூசர் இரண்டு பக்கமும் சமமாகக் குறுகினால் மேல்பக்கத்தில் ஒரு பொந்து உண்டாகி அங்கே காற்று நிற்கும். மேல்பக்கம் தட்டையாகவும் அடிப்பக்கம் மட்டும் சாய்வாகவும் இருக்கிற எக்சென்ட்ரிக் ரெடியூசர் வேண்டும். பிவிசி கடையில் பெரும்பாலும் அது கிடைக்காது. கிடைக்காவிட்டால் ரெடியூசரைச் செங்குத்தாக நிற்கிற குழாயில் போட்டுவிடுங்கள், அங்கே பொந்துக்கு இடமில்லை. பம்பு வாயில் நேரே எல்போவை மாட்டாமல் குழாய் விட்டத்தில் ஐந்து மடங்காவது நேர்க்குழாய் விடுவதும் நல்லது.

கிணற்றுக்குள் வருவோம். தண்ணீர் இறங்கி ஃபுட் வால்வின் தலைக்கு மேல் கொஞ்சம்தான் இருக்கும்போது, மேலே சுழி விழும். சுழியின் வால் கீழே வால்வு வரை நீண்டால் காற்றை நேராக உறிஞ்சும். எவ்வளவு தண்ணீர் மேலே நிற்க வேண்டும் என்பதற்கு அமெரிக்க ஹைட்ராலிக் இன்ஸ்டிடியூட்டின் ஒரு கணக்கு உண்டு. அதன்படி 100 மி.மீ. வாய் வழியாக விநாடிக்கு 10 லிட்டர் எடுத்தால் குறைந்தது 40 செ.மீ. வேண்டும். கிணற்று மூலையிலோ சுவரை ஒட்டியோ குழாய் இருந்தால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, இரண்டு மூன்று அடி இருக்கட்டும் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. சுழி விழுவது தெரிந்தால் அன்றைக்கு டெலிவரி வால்வைக் கொஞ்சம் குறைத்து ஓட்டுங்கள், வேகம் குறைந்ததும் சுழி கலையும்.

போர்வெல் தண்ணீரைக் கிணற்றில் விட்டு அங்கிருந்து மறுபடி பம்பு வைத்து எடுப்பது இப்போது சகஜம். மேலிருந்து அருவி மாதிரி கொட்டுகிற தண்ணீர் குமிழிகளை ஆழத்துக்கு இழுத்துக்கொண்டு போகும், கொட்டுகிற இடம் ஃபுட் வால்வுக்குப் பக்கத்தில் இருந்தால் அத்தனையும் பம்புக்குள். குழாயை நீட்டித் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே கொண்டுபோய் விடுங்கள், அல்லது எதிர்ச் சுவர்ப் பக்கம் மாற்றுங்கள். அந்த போர் கம்ப்ரசர் போராக இருந்தால் அது ஒரு வேடிக்கைதான். அங்கே காற்றைக் குழாய்க்குள் செலுத்தித்தான் தண்ணீரையே மேலே கொண்டுவருகிறார்கள், அதே காற்று பத்தடி தள்ளி இருக்கிற இன்னொரு பம்பை நிறுத்துகிறது.

இவ்வளவையும் பார்த்த பிறகு அந்த 7.5 எச்.பி.யை நினைத்துப் பாருங்கள். அதே சக்‌ஷன் குழாயில் பெரிய பம்பு அதிகத் தண்ணீர் எடுக்கப் பார்க்கும். ஓட்டம் இரண்டு மடங்கானால் குழாய் உராய்வு ஏறக்குறைய நாலு மடங்கு. உள்ளே அழுத்தம் இன்னும் கீழே போகும், முன்பு லேசாக உறிஞ்சிய ஜாயிண்ட் இப்போது நன்றாக உறிஞ்சும், கரைந்த காற்று அதிகமாகப் பிரியும், சுழி சீக்கிரம் விழும். காசையும் கொடுத்து நோயையும் வளர்த்த கதைதான்.

காற்றா, கேவிடேஷனா என்ற குழப்பமும் உண்டு. அழுத்தம் ரொம்பக் குறைந்து தண்ணீரே ஆவிக் குமிழியாகி உடைவதுதான் கேவிடேஷன். கேவிடேஷனில் பம்புக்குள் ஜல்லி உருள்கிற மாதிரி விடாமல் சத்தம் வரும். காற்று என்றால் தண்ணீர் விட்டு விட்டு, துப்பித் துப்பி வரும், ஆம்பியர் மீட்டர் முள் இறங்கி ஏறி ஆடும். காற்றைச் சுற்றும் மோட்டாருக்குச் சுமை குறைவு என்பதால் கரண்டும் குறைவாகத்தான் இழுக்கும், டிரை ரன் பிரிவெண்டர் இதைப் பார்த்துத்தான் மோட்டாரை நிறுத்துகிறது. ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்திருக்கிறவர்கள் அதையும் சேர்த்து வைப்பதுதான் புத்தி. வருகிற தண்ணீர் பால் மாதிரி இருந்தால் ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வையுங்கள். அடியிலிருந்து மேலாகத் தெளிந்தால் காற்று, மேலிருந்து கீழாகத் தெளிந்தால் மண்.

டெலிவரி பக்கக் காற்றின் குணம் வேறு. மேடுபள்ளமான காட்டில் குழாய் போகிறது, மூன்று மேடு, ஒவ்வொன்றும் 4 மீட்டர் ஏறி இறங்குகிறது, கடைசி முனை பம்பு மட்டத்திலேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குழாய் நிறையத் தண்ணீர் இருந்தால் ஏறியது இறங்கியதில் கழிந்துவிடும், உராய்வுக்கு மட்டும் பம்பு உழைத்தால் போதும். இறக்கங்களில் காற்று நின்றுவிட்டால் தண்ணீர் உச்சியில் வழிந்து காற்றுக்கு அடியில் ஓடையாக இறங்கும். காற்றின் எடை கணக்கிலேயே வராது என்பதால் இறக்கத்தில் ஒன்றும் திரும்பக் கிடைக்காது, மூன்று ஏற்றமும் கூடிக்கொண்டே போய் 12 மீட்டர் கூடுதல் சுமை. சின்னப் பம்பாக இருந்தால் கடைசி முனையில் ஒரு சொட்டு வராது, குழாயும் எங்கும் உடைந்திருக்காது. வேகமாக ஓடும் தண்ணீர் காற்றைத் தள்ளிக்கொண்டு போய்விடும், பெரிய குழாயில் மெதுவாக ஓடினால்தான் இந்தத் தொல்லை.

அதற்குத்தான் உச்சிகளில் ஏர் வால்வு. கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய் போகிற சாலையோரத்தில், குடங்களோடு ஆட்கள் சுற்றி நிற்கிற தொட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் அதுதான். குழாய் நிரம்பும்போது காற்றைப் பெரிய துளை வழியாக வெளியே விட வேண்டும், ஓடும்போது சேர்கிற கொஞ்சத்தைச் சின்னத் துளை வழியாக விட வேண்டும், குழாய் காலியாகும்போது காற்றை உள்ளேயும் விட வேண்டும். ஏர் வால்வுக்குள் துளையை மூடுகிற பந்து சரியாக உட்காராமல் ஒழுகினால், அடியில் இருக்கிற வால்வை மூடி ஒழுகலை நிறுத்துவது சுலபம், ஆனால் அன்றிலிருந்து அந்த உச்சியில் காற்று சேரும். சொட்டுநீர் போட்டிருக்கிறவர்களுக்கு உள்ளே விடுகிற வேலைதான் முக்கியம். மோட்டார் நின்றதும் மேட்டிலிருக்கும் தண்ணீர் கீழே வடிய, லைனுக்குள் வெற்றிடம் உண்டாகி டிரிப்பர் வழியாகச் சேற்றை இழுத்துக்கொள்ளும். அப்புறம் டிரிப்பர் அடைக்கிறது என்று ஆசிட் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான். காலியான நீளக் குழாயை மறுபடி நிரப்பும்போது வால்வைக் கொஞ்சமாகத் திறந்து, தண்ணீர் விநாடிக்கு ஒரு அடி வேகத்தில் ஏறினால் போதும். ஒரேயடியாகத் திறந்தால் காற்று அமுங்கி, சட்டென்று வெளியேறி, பின்னால் வரும் தண்ணீர் போய் அடிக்கும் அடியில் பிவிசி பிளக்கும்.

வீட்டுக்கு வாங்குகிற செல்ஃப் பிரைமிங் பம்பில் இந்தத் தலைவலி இல்லை என்று நினைப்பது பாதிதான் சரி. அது உள்ளே தேக்கிவைத்த தண்ணீரோடு காற்றைக் கலந்து டெலிவரி வழியாக வெளியே அனுப்பித் தானே தண்ணீர் பிடித்துக்கொள்ளும். அந்தக் காற்று போக வழி வேண்டும் அல்லவா? டெலிவரியில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் என்.ஆர்.வி. வால்வு போட்டு, அதற்கு மேல் மொட்டை மாடி டேங்க் வரை தண்ணீர் நின்றால், அந்த எடையைத் தூக்கி வால்வைத் திறக்கக் காற்றுக் கலவைக்குத் தெம்பு இருக்காது. என்.ஆர்.வி.க்கு முன்னால் ஒரு சின்ன டேப் வைத்துத் திறந்துவிட்டால் காற்று போய்த் தண்ணீர் வந்துவிடும்.

தண்ணீருக்குள்ளேயே கிடக்கும் சப்மெர்சிபிளும் தப்புவதில்லை. கோடையில் போரில் மட்டம் இறங்கிப் பம்பு வெளியே தெரிந்து, பிறகு தண்ணீர் ஊறி வரும்போது, என்.ஆர்.வி.க்கும் ஊறும் தண்ணீருக்கும் நடுவில் காற்று மாட்டிக்கொள்ளும், மேலே குழாய் நிறைய நிற்கும் தண்ணீர் வால்வை அழுத்திப் பிடித்திருக்கும். மோட்டாரை இறக்கும்போதே என்.ஆர்.வி.க்குக் கீழே குழாயில் 2, 3 மி.மீ. துளை ஒன்று போட்டுவிட்டால் காற்று அதன் வழியே போய்விடும். ஓடும்போது அதில் கொஞ்சம் தண்ணீர் போகும்தான், அது போர்க்குள்ளேயே விழுகிறது. துளைக்குப் பக்கத்தில் பெயிண்டில் ஒரு வட்டம் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை மோட்டாரை ஏற்றுகிற ஆள் அதைப் பார்த்து லீக் என்று எம்-சீல் வைத்து அடைத்துவிடுவார்.